வாங்கிய கடனா, பூட்டிய விலங்கா?

தை பிறந்தால் செங்கல் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். அதற்கு முன்பே, வேலையும் காசும் இல்லாத மழை மாதங்களில், மேஸ்திரி காலனிக்கு வந்து முன்பணம் கொடுத்துவிடுவார். மருத்துவச் செலவோ கல்யாணச் செலவோ அதில் தீரும். பிறகு கணவன், மனைவி, சில நேரம் பிள்ளைகளும் கல் அறுப்பார்கள். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிச்சம் நிற்கும். இருளர், ஆதிதிராவிடர் குடும்பங்கள் பலவற்றின் கதை இது.

"வாங்கிய கடனைக் கொடுக்கத்தானே வேண்டும்?" என்பார்கள். இந்தக் கேள்வியையே ஆராய்ந்தவர் மானிடவியலாளர் டேவிட் கிரேபர். கடனின் 5,000 ஆண்டு வரலாற்றை 2011இல் நூலாக எழுதினார். பழைய சுமேரியாவில் அரசர்கள் கடன்களை ரத்து செய்து, கடனுக்கு அடிமையானவர்களை வீட்டுக்கு அனுப்பியதை அதில் சொல்கிறார். விடுதலையைக் குறிக்கும் அவர்களது 'அமார்கி' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள், தாயிடம் திரும்புதல். கடனைவிட மனிதர் பெரிது என்று அன்றே ஏற்றிருக்கிறார்கள்.

நம் சட்டமும் அதையே சொல்கிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் செல்லாது. திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் பணம் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீட்கப்படுவோருக்கு உடனடி உதவியாக ரூ.30,000 வரை கிடைக்கும்.

நொடித்த கம்பெனிகளின் கடனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க 2016இல் திவால் சட்டம் வந்தது. அதை யாரும் ஒழுக்கக்கேடு என்பதில்லை. சூளைத் தொழிலாளி வெளியேறினால் மட்டும் 'ஏமாற்றிவிட்டு ஓடினான்' என்கிறார்கள். கடனில் நியாயம் பேசும்போதும் சாதி பார்க்கிறது சமூகம்.

மீட்பதோடு வேலை முடிவதில்லை. மழைக்காலத்தில் வேலை, மனைப்பட்டா, சாதிச் சான்று, ஈடு கேட்காத வங்கிக் கடன் ஆகியவை கிடைக்காவிட்டால், அடுத்த ஐப்பசியிலும் மேஸ்திரிதான் வருவார்.

மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடியினர் மூவர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நம் மாவட்டத்தில் அந்த மூவர் யார், குழு கடைசியாக எப்போது கூடியது? கல்லூரி மாணவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கலாம்.