செல்போன் படத்தில் அளந்தால் நம்ம செண்டு யார் கணக்கில் போகும்?



டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே நிலத்தை அளக்கிற காலம் வந்துருச்சு. சங்கிலி வேண்டாம், கல் வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். புரோக்கர் செல்போனை எடுக்கிறார், சாட்டிலைட் படத்தைப் பெரிசாக்குறார், நம்ம வயலோட நாலு மூலையிலும் விரலால் ஒரு குத்து. "அண்ணே, எழுபத்தேழு செண்டுதான் வருது. நான் சொல்லலை, சாட்டிலைட்டே சொல்லுது!" நாமளும் தலையாட்டுறோம். ஆகாயத்தில் இருந்து பார்க்கிறவன் பொய் சொல்லுவானா?

இந்த எழுபத்தேழு செண்டு என் சொந்தக் கதை. பட்டாவில் என் நிலம் 0.33.0 ஹெக்டேர். 33 ஏர். ஒரு ஏருக்கு 2.47 செண்டு வீதம் பெருக்கினால் எண்பத்தொன்றரைச் செண்டு. போன் நாலரைச் செண்டைக் காணோம் என்றது. அப்போது பேசிய விலை செண்டுக்கு நாற்பதாயிரம். ஒரு விரல் குத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்! பத்தாவது படித்த நான், சங்கச் செயலாளர் என்று பேர் வாங்கின நான், அச்சாரத்துக்குக் கை நீட்டப் போனேன். வீட்டுக்காரி தடுத்தாள். "கல்லைப் பார்க்காம காசை வாங்காதீங்க" என்றாள்.

சர்வேயருக்கு மனுப் போட்டேன். எந்த ஆபீஸ் என்று எழுதவில்லை. எழுதினால் அடுத்த மனு இன்னும் லேட்டாகும். ஐந்து மாதம் நடந்தேன். கடைசியில் வந்து எப்.எம்.பி. படத்தை வைத்து, கல்லைத் தோண்டி எடுத்து அளந்தார்கள். நிலம் பட்டாப்படியே இருந்தது. கிழக்கே 200 அடி நீளத்துக்கு வரப்பு மூன்றடி உள்ளே வந்திருந்தது. அதுவே 600 சதுர அடி, ஒண்ணே கால் செண்டுக்கு மேலே. வருசா வருசம் பங்காளி வீட்டு மண்வெட்டி தின்ற வரப்பு! (அதைப் பேசி முடித்துக்கொண்டோம், அது வேற கதை.) மிச்சம் மூணு செண்டு தென்னை மட்டை நிழலில் மறைந்த மூலைகளில் போயிருந்தது.

ஆக, செல்போன் பார்ப்பது வரப்பை. சட்டம் பார்ப்பது எல்லையை. வரப்பு நகரும், கல் நகராது. இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வையுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கணக்கும் பாருங்கள். 50 செண்டு சதுர வயல் என்றால் ஒரு பக்கம் சுமார் 148 அடி. ஒரு பக்கத்தை மட்டும் 10 அடி தள்ளிக் குத்தினால் 1,480 சதுர அடி, அதாவது 3 செண்டுக்கு மேலே. சின்னத் திரையில் 10 அடி என்பது ஒரு நகக்கண். பெரிய பண்ணைக்காரனுக்கு 50 ஏக்கரில் அதே 10 அடி தூசு. அரை ஏக்கர்க்காரனுக்கு அதுதான் மகள் கல்யாணச் செலவு. கருவி எல்லாருக்கும் ஒண்ணுதான், அடி விழுவது மட்டும் சின்ன விவசாயி தலையில்!

போனைக் கையில் பிடித்து வரப்பைச் சுற்றி நடந்தால் சரியாகுமா என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். திறந்த வெளியிலேயே சாதாரண போன் நாலைந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். மரத்தடியில், கட்டடத்துப் பக்கத்தில் இன்னும் மோசம்.

இன்னொரு கோளாறும் இருக்கு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அரசாங்கத்தின் டி.என்.ஜி.ஐ.எஸ். படத்தில் சாட்டிலைட் படத்தின் மேலே சர்வே எண் கோடுகளைப் போட்டிருக்கிறார்கள். நல்ல வசதிதான், நானும் பார்க்கிறேன். ஆனால் கோடும் படமும் சில இடத்தில் சில மீட்டர் விலகி நிற்கும். அப்படி விலகினால் பரப்பு குறையாது, இடம் மாறும். உன் கிணறு அடுத்தவன் சர்வே எண்ணில் நிற்பது மாதிரி தெரியும். அதைப் பார்த்துவிட்டு அரிவாளோடு கிளம்பின குடும்பத்தையும் சமாதானம் பண்ணியிருக்கிறோம்.

நிலம் அளப்பது நம்ம மண்ணுக்குப் புதுசா? 1794-இல் சென்னையில் சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள், அதுதான் இன்றைக்கு கிண்டி பொறியியல் கல்லூரி. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் சங்கிலி போட்ட கோட்டிலிருந்துதான் இந்தியா முழுக்க அளந்தார்கள். 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி; பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அப்படி அளந்து கல் நட்டு வரைந்த புலப்படத்துக்கு 1923-ஆம் வருட சர்வே எல்லைகள் சட்டம் காவல் நிற்கிறது. புரோக்கர் போனில் எடுத்த போட்டோவுக்கு எந்தச் சட்டம் நிற்கிறது?

பழைய ரிக்கார்டு எல்லாம் சுத்தம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர்.-இல் பேர் மாறினது, பரப்பு மாறினது ஊர் ஊருக்கு உண்டு. அதைத் திருத்தவும் மனுதான், அளவைதான்.

விற்கும்போது ஏமாந்தால் ஒரு குடும்பம் போகும். அரசாங்கம் எடுக்கும்போது ஏமாந்தால் ஊரே போகும். மேலூர்ப் பக்கம் நடந்ததை மறந்துட்டோமா? 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் என்று 2,015.51 ஹெக்டேரை ஏலம் விட்டார்கள். கிட்டத்தட்ட 4,980 ஏக்கர். டெல்லியில் படத்தின் மேல் போட்ட கட்டம்! அந்தக் கட்டத்துக்குள் 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியும் இருந்தது. குடைவரைக் கோயில், கல்வெட்டு, கண்மாய், பெரியாறு பாசன வயல் எல்லாம் மேலே இருந்து பார்க்கிறவனுக்கு வெறும் ஹெக்டேர். 2025 ஜனவரி 7-இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் நடந்தது. ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. கட்டத்தை அழித்தது கால் நடைதான், மவுஸ் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லணும். எந்த ஊர் உள்ளே, எந்தக் கண்மாய் உள்ளே என்று சனங்கள் தெரிந்துகொள்ள அதே படம்தான் உதவும். கருவி மேல் நமக்குப் பகை இல்லை. போனில் பார், சந்தேகப்படு, கேள்வி கேள். அதை நம்பிக் கையெழுத்து மட்டும் போடாதே!

2013-ஆம் வருட நிலம் எடுப்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, நிலத்துக்காரரோ அவர் எழுதிக்கொடுத்த ஆளோ இல்லாமல் அளவை செய்யக் கூடாது என்கிறது. ஆள் இல்லாமல் அளக்கணும் என்றால் 60 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுத்திருக்கணும். 20-ஆவது பிரிவு எல்லை குறித்து அளந்து படம் போடச் சொல்கிறது. ரோட்டுக்கோ தொழிற்பேட்டைக்கோ வேறு சட்டத்தில் எடுத்தால் நடைமுறை மாறும். அதனால் வருகிறவரிடம் முதல் கேள்வி: "ஐயா, எந்தச் சட்டத்தில் அளக்க வந்தீங்க?"

நாம் கேட்பது பெரிசில்லை. அளவை மனுவுக்கு 30 நாளில் ஆள் வரணும். காணாமல் போன கல்லை, சிறு விவசாயிக்குச் செலவில்லாமல் நட்டுக் கொடுக்கணும். நஷ்டஈடு, பயிர்ச் சேதம், கிரயம் எதுக்கும் திரைப்படத்து அளவை ஆதாரமாக வைக்கக் கூடாது. யு.டி.ஆர். தவறுக்கு ஊர் ஊராக முகாம் போடணும்.

ஜமாபந்திக்கு எல்லாரும் ஒன்றாகப் போய் மனுக் கொடுப்போம். அதற்கு முன்னால் ஒரு வேலை: அரசாங்க இ-சேவை இணையதளத்தில் பட்டாவும் எப்.எம்.பி.யும் காசில்லாமல் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொல்லி எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வயலுக்குப் போய் கல்லைத் தேடுங்கள். எத்தனை கல் இருக்கு, எத்தனை இல்லை என்று ஒரு தாளில் எழுதி, சர்வே எண்ணோடு சங்கத்தில் கொடுங்கள். அந்தத் தாள்களை எல்லாம் சேர்த்துத் தைத்துத்தான் தாசில்தார் மேஜையில் வைக்கப் போகிறோம்.