மிதிவண்டிக்கு வழிவிடுமா மாநில விதிகள்?

புது தில்லி: மிதிவண்டியில் வேலைக்குச் செல்வோரின் பாதுகாப்பு, தலைக்கவசம், விளக்கு என்ற அளவில் அவரவர் பொறுப்பாகவே இதுவரை பேசப்பட்டு வந்தது. அதை அரசின் சட்டப் பொறுப்பாக மாற்றும் வாய்ப்பை, 2025 அக்டோபர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு ஏற்படுத்தித் தந்துள்ளது.

கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, கே.வி. விஸ்வநாதன் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த உத்தரவைப் பிறப்பித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட இரு பிரிவுகளின் கீழ் ஆறு மாதங்களுக்குள் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களுக்கு அதில் ஆணையிடப்பட்டது. ஒன்று, பாதசாரிகளும் மோட்டார் இல்லாத வாகனங்களும் சாலையைப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் 138(1ஏ) பிரிவு. மற்றொன்று, தேசிய நெடுஞ்சாலை அல்லாத பிற சாலைகளின் வடிவமைப்பு, பராமரிப்புத் தரத்தை நிர்ணயிக்கும் 210டி பிரிவு.

இதில் முதல் பிரிவில் உள்ள "ஒழுங்குபடுத்துதல்' என்ற சொல்லுக்கு மாநிலங்கள் எவ்வாறு பொருள் கொள்ளப் போகின்றன என்பதே முக்கியமான கேள்வி. பாதுகாப்பு தரவும் அச்சொல் உதவும். சாலையிலிருந்து வெளியேற்றவும் உதவும். கொல்கத்தாவில் 2013-இல் 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டிய அந்தத் தடையால், பால்காரர், செய்தித்தாள் போடுபவர் போன்ற எளிய மக்களின் பிழைப்பே பாதிக்கப்பட்டது.

பொன்முடி காட்டும் முரண்: கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள பொன்முடியில் 2023 அக்டோபரில் ஆசிய மலைப்பாதை மிதிவண்டி சாம்பியன் போட்டி நடைபெற்றது. பந்தயத் தடத்தில் எதிரே மோட்டார் வாகனம் வராது. தலைக்கவசமின்றி எவரும் இறங்க இயலாது. ஆனால், அதே மலைக்கு ஏறும் பொதுச் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்துகள், சுற்றுலா வாகனங்களுடன் மிதிவண்டியும் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, சாலையின் விளிம்பில் ஒடுங்காமல் பிறர் கண்ணில் படும்படி ஓட்டுவது, முன்னும் பின்னும் விளக்கு எரியவிடுவது ஆகியன ஓட்டுபவர் கையில் உள்ளவை. வளைவில் முந்திவரும் வாகனத்தைத் தடுப்பது அவர் கையில் இல்லை. அது சாலை வடிவமைப்பையும், வேகக் கட்டுப்பாட்டையும், காவல்துறையின் கண்காணிப்பையும் சார்ந்தது.

எண்ணிக்கை சொல்வது என்ன? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 4,800-க்கும் அதிகமானோர் மிதிவண்டியில் சென்றவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத பிற தொழில்களில் ஈடுபட்டோரில் சுமார் 13 சதவீதம் பேர், அதாவது 2.6 கோடிக்கும் மேற்பட்டோர், மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்றனர்.

வேகமே இதில் முதன்மைக் காரணி. மக்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ. வேகமே உச்ச வரம்பாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக மாநாடு அறிவித்தது. ஆனால், 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையோ நகராட்சி எல்லைக்குள் கார்களுக்கு 70 கி.மீ. வரை இடமளித்தது. உள்ளூர் நிலைக்கேற்ப இதைக் குறைக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.

தலைநகரின் அனுபவம்: வாகனங்களை அல்ல, மனிதர்களின் பயணத்தையே முன்னிறுத்த வேண்டும் என்று 2006-இல் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை வலியுறுத்தியது. அதன்பின் தில்லியில் அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 2008-இல் திறக்கப்பட்ட விரைவுப் பேருந்துத் தடத்தில் மிதிவண்டிக்கும் தனிப் பாதை தரப்பட்டது. காரில் செல்வோரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளான அந்தத் தடம் 2016-இல் அகற்றப்பட்டது. சட்ட வலு இல்லாத கொள்கை எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழகத்துக்கும் இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு மிதிவண்டி கற்றுத் தந்த மாநிலம் இது. பள்ளி மாணவ, மாணவியருக்கு ஆண்டுதோறும் அரசே மிதிவண்டி வழங்கியும் வந்துள்ளது. மிதிவண்டியைக் கையில் கொடுத்த அரசுக்கு, அதில் அச்சமின்றிச் செல்லப் பாதை தரும் கடமையும் உண்டு.

மாநிலங்கள் வகுக்கும் விதிகளில் தனிப் பாதைக்கான அளவுகோல், குறைந்த வேக மண்டலம், தரக் குறைவுக்குப் பொறுப்பேற்க வேண்டிய அதிகாரி யார் என்பன தெளிவாக இடம்பெற வேண்டும். அவை இன்றி, மிதிவண்டி ஓட்டுபவர் செய்யக் கூடாதவற்றை மட்டுமே பட்டியலிட்டால், உச்ச நீதிமன்றம் அளித்த வாய்ப்பு எளியவர்களுக்கு எதிரான இன்னொரு தடையாகவே முடியும்.