மேழியும் சட்டைப்பையும்

1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வரின் பிடியை அந்த நாட்டார் ஏர்ப்பிடி என்பார்கள். நம்மிடம் அதற்கு ஒரே சொல் இருக்கிறது: மேழி. மேலே ஒல்லியாகத் தொடங்கி, உள்ளங்கைக்குள் வளைந்து இறங்கி, அடியில் அகன்று முடியும் வால்நட் மரம். உழவர் மேழியை அழுத்திப் பிடிப்பார். இந்த மேழியை அப்படிப் பிடித்தால் அதன் பயன் தெரியாது. குழல் கைக்கு மேலே நல்ல உயரத்தில் இருப்பதால், சுட்டவுடன் குழல்முனை வானத்தைப் பார்த்து எழும். மரம் வழுவழுப்பாக இருப்பதால் பிடி உள்ளங்கைக்குள்ளேயே உருளும். உருண்டு நிற்கும்போது சுத்தி பெருவிரலுக்கு எட்டும் இடத்துக்கு வந்திருக்கும். பெருவிரல் அதைப் பின்னால் இழுக்க, துப்பாக்கி தன் கனத்திலேயே கீழிறங்கி அடுத்த குண்டுக்குத் தயாராகிவிடும். 45 காலிபர் தோட்டாவின் உதை மணிக்கட்டில் நேராக இடிக்காமல் ஒரு சுழற்சியாகக் கரைந்து போகும்.

குதிரை மேல் போகிறவனுக்கு ஒரு கை கடிவாளத்தில் இருக்கும். மிச்சமிருக்கும் ஒரு கையால் இத்தனையும் நடந்தாக வேண்டும் என்பதை யோசித்துப் பார்த்தால் இந்த வளைவின் அருமை புரியும். 1873-இல் புதிதாகப் பிறந்ததும் அல்ல இது. சாமுவேல் கோல்ட்டின் 1851 நேவி ரிவால்வரில் இருந்த பிடியையே ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இருபது வருஷம் கைகளில் பழகி, மாற்ற வேண்டாம் என்று தோன்றிய ஒரு வடிவம்.

அதிலும் குறை இருந்தது. மருந்து கூடிய தோட்டாவைச் சுடும்போது விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் பின்புறம் நடுவிரலின் கணுவில் வந்து இடிக்கும். நிதானமாகக் குறி பார்த்துச் சுடுகிறவருக்குப் பிடி கைக்குள் உருளுவதே தொந்தரவு, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கையை முதலிலிருந்து அமைக்க வேண்டும். ஆகவே 1894-இல் அதே ரிவால்வருக்கு வேறொரு பிடி போட்டு, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் போட்டிகள் நடக்கும் பிஸ்லி சுடுதளத்தின் பெயரையே வைத்து விற்றார்கள். அதன் பின்பக்கம் சுத்திக்குக் கிட்டே வரை ஏறியிருக்கும். கை மேலே போய் அமரும், குழலுக்கும் கைக்கும் உள்ள உயரம் குறையும், உருளல் மட்டுப்படும். போட்டிக்காரரின் நிதானத்துக்கு ஏற்ற பிடி அது. சேணத்தில் இருப்பவனின் அவசரத்துக்கு மேழிதான் கைகொடுத்தது.

இவை இரண்டும் கையை நினைத்துச் செய்தவை. மூன்றாவது வகை, சட்டைப்பையை நினைத்துச் செய்தது. கைத்துப்பாக்கியின் நூற்றைம்பது ஆண்டுக் கதையைத் திரும்பிப் பார்க்கையில் என்னை உறுத்துவது இந்த மூன்றாவது வகைதான்.

ஒரு கைத்துப்பாக்கியை உடையில் மறைக்கும்போது நீளமான குழல் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது, அது இடுப்புக்குள் இறங்கிவிடும். வெளியே துருத்துவது பிடியின் அடிமூலை. சட்டையில் முட்டி, துணிமேல் தன் உருவத்தை அப்படியே பதித்துவிடும். 1877-இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த இரட்டை இயக்க ரிவால்வரில் அந்த மூலையைச் சீவி எடுத்துவிட்டு, பறவையின் தலையையும் அலகையும் போல உருட்டி முடித்தார்கள். பறவைத்தலைப் பிடி என்றே அதற்குப் பெயர். பையிலிருந்து எடுக்கும்போது எங்கும் மாட்டாது. பார்ப்பதற்கும் லட்சணமானது. ஆனால் சுண்டுவிரல் ஊன்றிக்கொள்ள அங்கே போதிய இடமில்லை. கையின் இறுக்கத்தில் கடைசி இரண்டு விரல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அரிவாள் பிடித்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விரல்களின் இடத்தைக் குறைத்துத்தான் மறைவு சம்பாதிக்கப்பட்டது.

அதற்கும் முந்தையது பிலடெல்பியாவின் ஹென்றி டெரிஞ்சர் செய்த ஒற்றைக் குண்டுக் கைத்துப்பாக்கி. முழு நீளமே ஆறு அங்குலத்துக்குள். 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்டு நாடக அரங்கில் ஜான் வில்க்ஸ் பூத் லிங்கனின் தலைக்குப் பின்னால் நீட்டியது அதைத்தான். பத்தடி தள்ளி நின்று ஒருவரைச் சுட நம்பத் தகுந்த கருவி அல்ல அது. பக்கத்தில் போய் நிற்கும் வரை யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்காகவே உருவானது.

இந்த வித்தியாசம் அந்தக் காலத்துச் சட்டமன்றங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கென்டக்கியும் லூசியானாவும் 1813-லேயே ஆயுதத்தை மறைத்து வைத்திருப்பதைக் குற்றமாக்கின. டென்னசி 1879-இல் சிறு கைத்துப்பாக்கிகளின் விற்பனையைத் தடுத்து, ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் பெரிய ரகத்துக்கு மட்டும் விலக்குத் தந்தது. ஆர்கன்சாவின் 1881-ஆம் வருஷச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ராணுவ ரகத் துப்பாக்கியானாலும் அதை மூடாமல், கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். கடைத்தெருவில் ஒருவர் அப்படி நடந்து வந்தால் எதிரே வருபவர் விலகிப் போகலாம், பேசிப் பார்க்கலாம், ஆள் அனுப்பலாம். தெரிந்த ஆயுதம் எதிராளிக்கு ஒரு நொடி அவகாசமாவது தருகிறது.

இந்தச் சட்டங்களை நான் புனிதமாக்கவில்லை. ராணுவ ரிவால்வர் விலை கூடியது. மலிவான சிறு துப்பாக்கிகளைத் தடுத்தபோது, ஏழைகளும் அடிமைத்தளையிலிருந்து மீண்ட கறுப்பின மக்களும்தான் வெறுங்கையோடு நின்றார்கள் என்று சுட்டிக்காட்டும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பிடியின் அளவுக்கும் எதிரே நிற்பவரின் உயிருக்கும் தொடர்புண்டு என்ற அறிவு அந்தச் சட்டங்களில் இருந்தது. அதை நாம் இழந்திருக்க வேண்டாம்.

1911-ஆம் வருஷத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஜான் பிரௌனிங் வடிவமைத்த 45 காலிபர் தானியங்கிக் கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த ஒரு பிரௌனிங்தான். ஆகஸ்ட் கடைசியில் நியூயார்க் மாநிலத்தில், மறைத்துக்கொள்ளத் தக்க துப்பாக்கிக்கு உரிமம் கேட்கும் சல்லிவன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாஞ்சியின் செயலின் நியாயம் தனியே பேச வேண்டியது. நான் சொல்ல வருவது ஒரே மனிதரின் மேசையிலிருந்து போர்க்களத்துக்கும் சட்டைப்பைக்கும் தனித்தனிக் கைத்துப்பாக்கிகள் கிளம்பின என்பதை. பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்கு பிரௌனிங் வடிவமைத்துத் தந்த 1906-ஆம் வருஷ மாடல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். மற்ற விரல்கள் கீழே மடங்கிக் கிடக்க வேண்டியதுதான்.

ராணுவத்துக்குச் செய்ததில் அதே பிரௌனிங் எத்தனை முறை பிடியைத் திருத்தினார் என்று பார்த்தால் அவரது பொறுமை விளங்கும். முந்தைய மாதிரிகளில் பிடி குழலுக்கு ஏறக்குறைய செங்குத்தாக, 84 டிகிரியில் நின்றது. 1910 மாதிரியில் அதைச் சாய்த்து 74 டிகிரி ஆக்கினார்கள். பத்து டிகிரியில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிச் சுவரில் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டுங்கள், பிறகு கண்ணைத் திறந்து விரல் எங்கே போகிறதென்று பாருங்கள். சரியான சாய்வில் பிடி அமைந்தால் குழலும் அந்த விரலைப் போலவே போகும். தவறினால் தரையையோ கூரையையோ பார்த்து நிற்கும். ஜெர்மானியர்களின் லூகர் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. லூகருக்குப் பழகிய கையில் பிரௌனிங்கைக் கொடுத்தால் குழல்முனை தாழ்ந்தே போகும். இரண்டில் எது சரி என்று கேட்பதில் பொருளில்லை. மணிக்கட்டு எதற்குப் பழகியதோ அது சரி.

அப்படித் தேய்த்துத் தேய்த்து முடித்த பிடியும் முதல் உலகப் போரில் குறைகளோடுதான் திரும்பியது. சிறிய கைகளுக்கு விசை எட்டவில்லை. அவசரத்தில் நீட்டினால் குழல் தாழ்ந்தது. பின்னால் பாயும் சுத்தி, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் பிரிகிற இடத்துச் சதையைக் கடித்தது. 1920களில் ராணுவம் முக்கியமாக நான்கு திருத்தங்களைச் செய்தது. விசையைக் குட்டையாக்கினார்கள். விசைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உலோகத்தைச் சற்றே குடைந்து விரலுக்கு வழிவிட்டார்கள். பிடியின் பின்புறத்தின் கீழ்ப்பகுதியை உள்ளங்கைக்குள் புடைக்குமாறு வளைத்தார்கள். சுத்திக்குக் கீழே ஒரு நாக்கை நீட்டி, கையின் சதையை மூடினார்கள். எம்1911ஏ1 என்று பெயர் மாறியது. உள்ளே இருந்த இயந்திரம் ஏறக்குறைய அதுவேதான். ஒரு பெரிய ராணுவம் தன் சிப்பாய்களின் கை வலியைக் கேட்டுக் கருவியைத் திருத்திய அரிய நிகழ்வாக இதை நான் மதிக்கிறேன்.

பிறகு அந்தக் காது மந்தமாகிவிட்டது. 1985-இல் அதே ராணுவம் பதினைந்து தோட்டா கொள்ளும் பெரெட்டாவை எம்9 என்று ஏற்றது. தோட்டாக்கள் இரண்டு வரிசையாக அடுக்கிய மேகசின் பிடிக்குள் இருந்ததால் பிடி பருத்தது. முதல் குண்டுக்கு விசை வெகுதூரம் முன்னால் இருக்கும், இழுக்கவும் கனம். படையில் பெண்கள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. விரல் எட்டாதவர்கள் துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடித்தார்கள். அப்படிப் பிடித்தால் உதை எலும்பின் நேர்க்கோட்டில் போகாமல் பெருவிரல் கணுவில் அடிக்கும், குறியும் கலையும். அப்போது வரும் குறைந்த மதிப்பெண் சுடுகிறவரின் கணக்கில்தான் எழுதப்படும், துப்பாக்கியின் கணக்கில் அல்ல. 2017-இல் தேர்வான சிக் சாவர் எம்17-க்குத்தான் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் மாற்றிக்கொள்ளும் பிடி வந்தது. இடையில் ஓடியவை முப்பத்திரண்டு ஆண்டுகள்.

இடைப்பட்ட காலத்தில் வேறொரு தவறும் நடந்தது. விரல்கள் பதிவதற்கென்று பிடியின் முன்பக்கத்தில் பள்ளம் வைக்கும் வழக்கம் பரவியது. குளோக் தன் மூன்றாம் தலைமுறைத் துப்பாக்கியில் அதைச் சேர்த்தது. பள்ளத்துக்குப் பொருந்தும் விரல்களுக்கு அது சுகம்தான். பொருந்தாதவருக்கு மேடு ஒவ்வொன்றும் விரலின் நடுவே குத்தும். 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் பள்ளத்தை எடுத்துவிட்டார்கள்.

பிடியைக் கைக்காக மட்டுமே செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒலிம்பிக் சுடுதளத்துக்குப் போக வேண்டும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலின் மரப்பிடி ஒருவரின் கைக்கென்றே இழைக்கப்படும். உள்ளங்கையைத் தாங்க அடியில் ஒரு தட்டு. வீரர்கள் அரத்தால் ராவுவார்கள், மரப்பசை அப்பிக் காயவிடுவார்கள், மறுபடி ராவுவார்கள். பாரிஸில் 2024-இல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இந்த வகைத் துப்பாக்கியில்தான். அங்கும் வரம்பு உண்டு. பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது, முழுத் துப்பாக்கியும் 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கு இல்லாததால் கைக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கிறது.

ஹங்கேரியின் காரோய் தகாச் நினைவுக்கு வருகிறார். ராணுவச் சார்ஜென்ட். 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. அதுவரை சுட்டுப் பழகியது அந்தக் கையால்தான். மருத்துவமனையிலிருந்து வந்து யாரிடமும் சொல்லாமல் இடது கையால் பழகினார். 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் துரித பிஸ்டல் போட்டியில் தங்கம். கை பழகும். ஆனால் எத்தனை ஆயிரம் குண்டுகள் சுட்டுப் பழகிய கை அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு அமெரிக்காவில் சட்டைக்குள் வைத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வாங்கும் சாதாரண மனிதர் அப்படிப் பழகுவதில்லை. சல்லிவன் சட்டத்தின் வழிவந்த நியூயார்க் விதியை, அதாவது மறைத்து எடுத்துச் செல்லத் தக்க காரணம் காட்ட வேண்டும் என்பதை, 2022 ஜூன் 23 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. அதற்கு நான்கு வருஷம் முன்பே சிக் சாவரின் பி365 வந்துவிட்டது. ஓர் அங்குலத் தடிமன், பத்துத் தோட்டா. சந்தை முழுவதும் அதன் பின்னால் ஓடியது. கனம் குறைந்தால் உதை கூடும். பிடி குட்டையானால் இறுக்கம் குறையும். குழல் குட்டையானால் குறிபார்க்கும் தூரமும் சுருங்கும். பழகும்போது கை வலிக்கும், வலித்தால் பழகுவது நிற்கும். சுடுவதற்கு மிகக் கடினமான துப்பாக்கி, மிகக் குறைவாகப் பழகியவர் கையில், ஜனம் நெருக்கமான இடத்தில் இருக்கிறது. குறி தவறிய குண்டும் எங்கோ ஒருவர் மேல் போய்த்தான் நிற்கும். அந்த ஒருவரை நினைத்து யாரும் பிடி செய்யவில்லை என்பதே என் மனக்குறை.

வாங்கிய சில நாளில் பலருக்குச் சுண்டுவிரல் காற்றில் தொங்குவது தெரிந்துவிடுகிறது. அதற்கென்று மேகசினின் அடியில் பொருத்தும் சிறு பிளாஸ்டிக் துண்டு விற்கிறார்கள். முன்பக்கம் உதடு போல நீண்டிருக்கும், சுண்டுவிரல் அதில் அமரும், கை இறுகும். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் சட்டையில் ஒரு மூலை முட்டுகிறது. 1877-இல் கோல்ட் ஆலையில் சீவி எடுத்த அதே மூலை.