பனிக்கு முன்னால் பெடல்!

ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல் ஊரில் ஜனவரிதோறும் நடக்கும் பனிச்சறுக்குப் போட்டி உலகப் பிரசித்தம். சுமார் 3.3 கிலோமீட்டர் சரிவு. 1997-ல் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ரோபிள் அதை 1 நிமிடம் 51.58 விநாடியில் இறங்கி முடித்தார். இரண்டு நிமிடம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால், கிட்டத்தட்ட முழு நேரமும் முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையிலேயே போக வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்தபடி ஒரு நிமிடம் இருந்து பார்த்தால், மீதியைத் தொடையே சொல்லிவிடும்.

வீரர்களை விடுங்கள். ஆண்டு முழுக்க அலுவலக நாற்காலி, ஒரே ஒரு வாரம் ஆல்ப்ஸ் என்று கிளம்புகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். கால் களைத்த பிறகும் ‘கடைசியா ஒரு ரவுண்டு’ என்று இறங்குவார்கள். பலகை ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்ப, முழங்கால் ஜவ்வு கிழியும். பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால்தான்.

அதற்குத்தான் ஜிம் சைக்கிள். மூட்டு அதிராமல் தொடையும் மூச்சும் பலப்படும். காற்றில் ஆக்சிஜன் குறைந்த 2,000, 3,000 மீட்டர் உயரத்தில் அந்த மூச்சு ரொம்பவே தேவை.

பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வாரம் மூன்று நாள். முதல் 10 நிமிடம் லேசாக மிதிக்கலாம். பிறகு லோடைக் கூட்டி, பேச முடியாத அளவுக்கு 2 நிமிடம் அழுத்தி மிதித்து, 2 நிமிடம் இளைப்பாற வேண்டும். ஆரம்பத்தில் நான்கு முறை, போகப்போக ஆறு முறை. லோடே வைக்காமல் பாட்டுக்கு ஏற்ப விர்ரென்று சுற்றுவது வியர்வைக்கு நல்லது, சரிவுக்கு உதவாது. பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட்டின் உயரத்தை வைப்பது முக்கியம்.

ஆனால், சைக்கிள் மட்டும் போதாது. மிதிக்கும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. சரிவில் இறங்கும்போதோ, அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இரண்டாம் நாள் ஹோட்டல் படி இறங்க முடியாமல் தவிப்பது இதனால்தான். சைக்கிளை விட்டு இறங்கியதும் நான்கு எண்ணும்வரை மெதுவாகக் குனிந்து உட்கார்ந்து, சட்டென்று எழுந்திருக்கும் ஸ்குவாட் பத்துப் பன்னிரண்டு போட வேண்டும். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்று பழகினால் பேலன்ஸும் வரும்.

மூட்டுவலி, இதயப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கிளம்பும் வாரத்தில் லேசாக மிதித்தால் போதும். மலையில் முதல் நாள், மதியத்தோடு பலகையைக் கழற்றிவிட்டு ஹாட் சாக்லேட்டுடன் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவது உத்தமம்.