நாலு லட்சம் பாட் கணவர்

தாய்லாந்தில் கல்யாணம் செய்துகொண்டு செட்டில் ஆகிவிட்ட வயசான வெள்ளைக்காரர் என்று சொன்னால் போதும், நம் ஆட்களுக்கு ஒரு நமட்டுச் சிரிப்பு வந்துவிடும். "அனுபவிக்கிறான்யா" என்பார்கள். எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். இங்கிலாந்துக்காரர். எங்கள் புனே ஆபீசுக்கு இரண்டு வருடம் ஆலோசகராக வந்து போனவர். ரிடையர் ஆனதும் தாய்லாந்தின் வடகிழக்கில், இசான் பகுதியில் ஒரு கிராமத்துப் பெண்மணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே இருந்துவிட்டார். 2011-ல். மனுஷருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்தம்மாவுக்கு அறுபதை நெருங்குகிறது. கண்டம் விட்டுக் கண்டம் போய் அனுபவிப்பதெல்லாம் ஒன்றுமில்லை. காலையில் கோழிக்குத் தீனி, மாலையில் பிரஷர் மாத்திரை.

வருடத்துக்கு ஒரு முறை அவரிடமிருந்து நீளமாக ஒரு மெயில் வரும். எப்போது வரும் என்று காலண்டரில் குறித்தே வைக்கலாம். விசா நீட்டிப்புக்கு அலைந்து முடித்த வாரம்!

அங்கே நடைமுறை இதுதான். தாய்லாந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டுக் கணவருக்கு ஒரு வருடம் ஒரு வருடமாகத்தான் தங்க அனுமதி. கட்டணம் 1,900 பாட், அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் தாய்லாந்து வங்கியில் அவர் பெயரில் 4,00,000 பாட் இருக்க வேண்டும் (நம் காசுக்குப் பத்து லட்சத்துக்கு மேல்). விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு மாதம் அது அசையாமல் கிடந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாதம் 40,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். முன்பு பிரிட்டிஷ் தூதரகம் "இவருக்கு இவ்வளவு பென்ஷன் வருகிறது" என்று ஒரு கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தது. 2018 கடைசியோடு அதை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கத் தூதரகமும் அதே சமயத்தில் கைவிரித்துவிட்டது. அதிலிருந்து நம்மவர் வங்கிக் கணக்கு வழிக்கு மாறிவிட்டார்.

பணம் மட்டும் போதாது. கல்யாணம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்ட வேண்டும். கல்யாணப் பதிவேட்டின் நகலை மாவட்ட அலுவலகத்தில் ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்க வேண்டும். மனைவியின் அடையாள அட்டை, வீட்டுப் பதிவுப் புத்தகம் (நம் ரேஷன் கார்டுக்கு அண்ணன் மாதிரி), வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம், பிறகு போட்டோக்கள். கதவிலக்கம் தெரிகிற மாதிரி வாசலில் இருவரும், ஹாலில் இருவரும், படுக்கையறையில் இருவரும். எழுபது வயசுத் தாத்தாவும் பாட்டியும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போட்டோவுக்கு விறைப்பாகப் பார்ப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் :-) அந்தம்மா கூடவே வந்து கையெழுத்துப் போட வேண்டும். சில வருடம் ஆபீசர்கள் வீட்டுக்கே வந்து பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். முதலில் "பரிசீலனையில்" என்று முப்பது நாளுக்கு ஒரு முத்திரை. முப்பது நாள் கழித்து மறுபடி போனால்தான் வருட முத்திரை.

இது தவிர 90 நாளைக்கு ஒரு முறை "இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறேன்" என்று தெரிவிக்க வேண்டும். மறந்தால் 2,000 பாட் அபராதம். நாட்டை விட்டு வெளியே போவதானால் போகும் முன்பே திரும்பி வர அனுமதி வாங்கிவிட வேண்டும், ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800. வாங்காமல் போனால் அந்த வருட அனுமதி காலி, முதலிலிருந்து ஆரம்பம். இங்கிலாந்தில் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது அவர் முதலில் ஓடியது இந்த முத்திரைக்கு என்று ஒரு மெயிலில் எழுதியிருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது டிஎம்.30 என்கிற படிவம். வீட்டில் வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். 1979-ம் வருடச் சட்டம். இங்கே வீட்டுக்காரர் யார்? மனைவி. ஆக, "என் வீட்டில் ஒரு அந்நியர் தங்கியிருக்கிறார்" என்று சொந்தப் புருஷனைப் பற்றி அந்தம்மா எழுதிக் கொடுக்க வேண்டும். 2019-ல் இதைக் கறாராக அமல்படுத்தப் போய்ப் பெரிய கூச்சல் ஆனது. 2020-ல்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள், பழைய முகவரிக்கே திரும்பினால் மறுபடி கொடுக்க வேண்டாம் என்று. புனேயில் வாடகை வீடு எடுத்து, ஓனரோடு போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு அலைந்த நமக்கு இதெல்லாம் புரியும். ஆனால் நம் ஓனர் நம்மைக் கட்டிக்கொண்டவர் இல்லையே!

சரி, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதைப் படிக்கும்போது நமக்குள்ளே ஒரு குட்டிச் சந்தோஷம் வராமல் இருக்காது. எச்-4 விசாவுக்குக் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போன இனம் நாம். மூன்று வருட ஐ.டி. ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு என்று ஃபைல் கட்டிப் பழகியவர்கள். துரைக்கும் கொஞ்சம் தெரியட்டுமே என்று தோன்றத்தான் செய்யும். தாய்லாந்துக்காரர்கள் வெள்ளைக்காரரை "ஃபராங்" என்பார்கள். நம் பரங்கியும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். பரங்கிமலை, பரங்கிக்காய் என்று நாம் எதற்கெல்லாமோ வைத்துவிட்டோம். அங்கே இன்னும் ஆளுக்கும் அந்தப் பெயர் இருக்கிறது.

தாய்லாந்து அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. காகிதக் கல்யாணங்கள் உண்டு. கையில் காசில்லாமல் வந்து, ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாமல் போகிற வெளிநாட்டுக்காரர்கள் உண்டு. யாரை உள்ளே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை இல்லையா? அதனால் படிவம், போட்டோ, க்யூ இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது.

என் புகார் வேறு. அந்த நாட்டு முறையில் வருடங்கள் கூடுவதே இல்லை. முதல் வருடம் கேட்ட அதே காகிதம், அதே நாலு லட்சம், அதே படுக்கையறை போட்டோ பதினாலாவது வருடமும். நம் ஊரில் ஒரு வங்கியில் ஐந்து வருடம் ஒழுங்காக இருந்தால் மேனேஜர் "வாங்க சார்" என்பார். அங்கே திருமணத்துக்கு அந்த மரியாதை கூட இல்லை. நிரந்தரக் குடியுரிமை என்று ஒன்று இருக்கிறது. ஒரு தேசத்தவருக்கு வருடத்துக்கு 100 பேர் என்று கணக்கு. குடியுரிமைக்கு 2008-ல் சட்டத்தைத் திருத்தி, தாய்ப் பெண்ணின் கணவருக்குச் சில நிபந்தனைகளைத் தளர்த்தினார்கள். ஆனால் நிலையான தொழில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. ரிடையர் ஆன மனுஷர் தொழிலுக்கு எங்கே போவார்?

இதிலே ஒரு வேடிக்கை. நாலு லட்சம் நிபந்தனை கணவருக்கு மட்டும்தான். தாய் ஆணைக் கட்டிக்கொண்டு வரும் வெளிநாட்டுப் பெண்ணுக்கு அந்தப் பணக் கணக்கு கிடையாது. குடியுரிமைக்கும் அவளுக்குத் தனி வழி, சுலபமான வழி. கேட்டால் லாஜிக் இருக்கிறது: ஆண்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன், அவனிடம் காசு இருக்கிறதா என்று பார்க்கிறோம். அதாவது அந்த நாட்டு ஆண் யாரைக் கட்டினாலும் சரி, அந்த நாட்டுப் பெண் கட்டினால் மட்டும் "உன்னைக் காப்பாற்ற அவனிடம் என்ன இருக்கிறது, காட்டு" என்று கேட்கிறார்கள். இவ்வளவு காலமாக இதை வெள்ளைக்காரரின் கஷ்டமாகவே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு என்னவோ அடி விழுவது அந்தம்மாவின் மேல் என்றுதான் படுகிறது.

எப்படி என்று கேளுங்கள். அந்த நாலு லட்சம் கணவர் ஒருவர் பெயரில்தான் இருக்க வேண்டும். மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் ஏற்கமாட்டார்கள். மனைவியைக் காப்பாற்றுவார் என்பதற்கு அத்தாட்சியாக வைத்த பணம், மனைவி கை வைக்க முடியாத பணம். அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அந்தம்மாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. பேங்கில் பத்து லட்ச ரூபாய்ப் பணம் இருக்கிறது, ஆனால் எடுத்துவிட்டு விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு திருப்பி வைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் எடுக்க முடியும். ஆபரேஷனுக்குக் கடைசியில் தம்பியிடம் கடன். அவர் நாளைக்கே கண்ணை மூடினால் அந்தக் கணக்கு முடங்கும். கோர்ட் போய், சொத்தை நிர்வகிக்க உத்தரவு வாங்கி வந்தால்தான் அந்தம்மாவுக்குப் பணம்.

அந்தம்மா முந்திக்கொண்டால்? மனைவி பெயரில் அடுத்த நீட்டிப்பு கிடையாது. ஐம்பது வயசு தாண்டிய ஓய்வுக்காரர் என்ற வகைக்கு மாற வேண்டும், அதற்கு எட்டு லட்சம் பாட். வீடு, நிலம் அந்தம்மா பெயரில்தான் இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் அங்கே நிலம் வாங்க முடியாது (1954-ம் வருட நிலச் சட்டம்). வாங்கும்போது "இதில் என் பணம் எதுவும் இல்லை" என்று நில ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாரிசாக வந்தாலும் வைத்துக்கொள்ள முடியாது, அதிகபட்சம் ஒரு வருடத்துக்குள் விற்றாக வேண்டும். மனைவி போன துக்கத்தோடு பேங்க் பேலன்ஸை இரட்டிப்பாக்கி, வீட்டுக்கும் ஆள் பார்க்க வேண்டும். எழுபத்தைந்து வயசில்.

"அப்படியானால் அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கே போய்விடலாமே" என்று நானும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பதில் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷ் குடிமகன் வெளிநாட்டு மனைவியை அழைத்து வர வருட வருமானம் 18,600 பவுண்டு வேண்டும் என்று 2012-ல் கொண்டுவந்தார்கள். 2024 ஏப்ரலில் அது 29,000 ஆனது. அங்கே அரசுப் பென்ஷன் முழுசாக வந்தாலே வருடத்துக்கு 12,000 பவுண்டைச் சுற்றித்தான். அதுவும் தாய்லாந்தில் குடியிருப்பவருக்கு அந்தப் பென்ஷன் வருடா வருடம் ஏறாது, முதலில் வந்த தொகையிலேயே உறைந்துவிடும். (இந்தியாவில் வந்து இருந்தாலும் இதே கதிதான். லண்டனில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கிற நம்மவர்கள் குறித்துக்கொள்ளவும்.) போதாக்குறைக்கு 2006-ல் ஒரு பவுண்டுக்கு 70 பாட் அளவில் கிடைத்தது, இந்தச் சில வருடங்களாக நாற்பதுகளில்தான் ஓடுகிறது. ஆக அவர் நாடு அவர் மனைவியை உள்ளே விடாது. அவர் மனைவியின் நாடு அவரை வருடா வருடம் புதுசாகப் பார்க்கிறது. ஃபராங் அனுபவிக்கிறான்யா!

நம் நாட்டைப் பாராட்டுகிற சந்தர்ப்பம் அபூர்வமாகத்தான் வாய்க்கிறது, விடுவானேன். இந்தியரைக் கட்டிக்கொண்ட வெளிநாட்டவர், கல்யாணம் பதிவாகி இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் வித்தியாசம் இல்லை. பேங்கில் இவ்வளவு காட்டு என்று இல்லை. வருடா வருடம் படுக்கையறை போட்டோ இல்லை. விவாகரத்தானால் போய்விடும், பாகிஸ்தான், பங்களாதேஷ் வம்சாவளி என்றால் கிடையாது, அட்டை கைக்கு வருவதற்குள் ஃபைல் ஏறி இறங்குவது தனிப் புராணம். எல்லாம் சரி. ஆனாலும் "இரண்டு வருடம் ஆச்சு, நீ எங்கள் வீட்டு மாப்பிள்ளை" என்று ஒரு இடத்தில் எண்ணுவதை நிறுத்துகிறோம் இல்லையா? தாய்லாந்தில் இல்லாதது அந்த ஒன்றுதான்.

அவர்களுக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. முதல் மூன்று வருடம் எப்படி வேண்டுமானாலும் சல்லடை போட்டுச் சலிக்கட்டும், வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். தேறினால் அடுத்து ஐந்து வருடத்துக்கு ஒரு முத்திரை. டெபாசிட் இருவர் பெயரில் இருக்கலாம், வைத்தியத்துக்கு எடுக்கலாம். மனைவி இறந்தால் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும். இவ்வளவுதானே.

அவரும் அந்தம்மாவும் தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டார்கள். அவர் ஆயுள் வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையை நில ஆபீசில் பத்திரத்தில் ஏற்றியாகிவிட்டது. மாவட்ட அலுவலகத்தில் உயிலும் எழுதியாகிவிட்டது. இதற்கு மேல் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்க அவருக்கு அங்கே இடம் கிடையாது, கேட்டால் "பிடிக்கவில்லை என்றால் ஊருக்குப் போ" என்பார்கள். கேட்க வேண்டியது அந்தம்மாவும், அவரைப் போல அந்தக் கிராமங்களில் இருக்கிற மற்ற மனைவிமார்களும்தான். இசானில் அவர்கள் எண்ணிக்கை கொஞ்சநஞ்சமில்லை, எல்லோருக்கும் ஓட்டும் இருக்கிறது.