வெடிக்காத தோட்டாவுக்கு யார் பொறுப்பு?

கமக்காரனின் மூட்டையில் பதர் கண்டால் வணிகர் கழிவு அறவிடத் தயங்குவதில்லை. அதே கமக்காரன் காசு கொடுத்து வாங்கிய தோட்டா பழுதானால், அவனுக்கு ஈடு கொடுப்பவர் யார்?

குடாநாட்டிலிருந்து சென்று வன்னியில் வயல் செய்வோருக்குக் காட்டுப்பன்றியின் கொடுமையைச் சொல்லத் தேவையில்லை. அனுமதிபெற்ற துவக்கு இருந்தும் தோட்டா வெடிக்காவிடில் பயிர் போகும். அதனினும் பெரிய ஆபத்து உண்டு. வெடிமருந்து குறைந்த தோட்டாவின் அடைப்பு குழலுள்ளே சிக்கினால், அடுத்த வெடியில் குழலே பிளக்கும். கைத்துப்பாக்கியாயின் குண்டே சிக்கிவிடும். சில தோட்டாக்கள் தாமதித்தும் வெடிக்கும். ஆகவே, வெடிக்காத துவக்கை ஆளில்லாத் திசை நோக்கி அரை நிமிடமேனும் பிடித்திருந்த பின்னரே திறத்தல் வேண்டும்.

இது வாங்கியவன் கடமை. செய்தவன் கடமை யாது? பெட்டியில் தொகுதி எண் பொறிப்பது அழகுக்கன்று. பழுதான தொகுதியை இனங்கண்டு மீளப் பெறுவதற்கே. அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டு நுகர்பொருட் பாதுகாப்புச் சட்டம் தோட்டாவை விலக்கிவிட்டது. அங்குங்கூட ஆலைகள் தொகுதி எண்ணை அறிவித்துப் பழுதானவற்றை மீளப் பெறுவதுண்டு. இங்கே கடைக்காரர் இறக்குமதியாளரையும், இறக்குமதியாளர் கடல்கடந்த ஆலையையும் காட்டித் தப்ப இடமளித்தலாகாது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம், பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வழி செய்கிறது. பெட்டியை எறியாதீர். பற்றுச்சீட்டைப் பேணுவீர். தமிழிலேயே எழுதுவீர், பதிலையும் தமிழிலேயே கேட்பீர். பதருக்குக் கழிவு கேட்கும் வணிகம், பழுதுக்கு ஈடு கொடுக்கவும் பழகட்டும்!