படைக்கு முன் குறிக்கோள் வேண்டும்

ஒரு நாடு தன் படையைப் பிறிதொரு நாட்டினுள் அனுப்புவது எப்பொழுது தகும் என்னும் வினா அரசியல் நூல் கற்றோர்க்கு மட்டும் உரியதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் எம்மவர்க்கும் அஃது உரியதே. சுதந்திர இலங்கைக்கு இந்தியப் படையினர் 1971 இலும் 1987 இலும் வந்தனர். இவ்விரு வருகையையும் ஒப்புநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். குறிக்கோள் தெளிவாயின் சிறு படையும் போதும். தெளிவில்லையேற் பெரும் படையும் போதாது.

1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணியினர் கிளர்ந்தெழுந்தபொழுது கேகாலை மாவட்டம் பெரிதும் அல்லலுற்றது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பல நாடுகளிடம் உதவி வேண்டிற்று. இந்தியா ஹெலிகொப்டர்களையும், கடற்காவலுக்குப் போர்க்கப்பல்களையும், கட்டுநாயக்கா விமானத் தளத்தைக் காக்கச் சிறு படைப்பிரிவொன்றையும் அனுப்பிற்று. முறைப்படி தெரிவான அரசாங்கம் வீழாது காப்பதே நோக்கம். போர் நடத்தும் பொறுப்பு இலங்கைப் படையிடமே இருந்தது. கிளர்ச்சி அடக்கப்பட்ட முறையிற் கொடுமைகள் நிகழ்ந்தன என்பது வேறு. வந்தவர்கள் தம் பணி முடிந்ததும் மீண்டனர்.

1987 ஜூலை 29 இல் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி வந்த அமைதிப்படைக்கோ குறிக்கோள்கள் பல. தமிழரைக் காத்தல், இலங்கையின் ஒருமையைக் காத்தல், போராளிகளின் ஆயுதங்களைக் களைதல் என்பன சில. திருகோணமலைத் துறைமுகம் பிறநாட்டார் கைப்படாதிருத்தல் வேண்டுமென்பது ஒப்பந்தத்தோடு இணைந்த கடிதங்களிற் கண்ட மற்றொன்று. இவை ஒன்றோடொன்று முரணியபொழுது எதை விட்டு எதைப் பற்றுவது எனப் படைத்தலைவர்க்குச் சொல்வாரிலர். அக்டோபர் 10 இல், காக்க வந்த படை விடுதலைப் புலிகளோடு பொருதத் தொடங்கிற்று. யாழ்ப்பாண வைத்தியசாலையினுள்ளும் குடிமக்கள் மாண்டனர். 1990 மார்ச் 24 இல் இறுதிப் பிரிவு கப்பலேறியபொழுது அப்படை இழந்த உயிர்கள் 1,100 இற்கு மேல். எக்குறிக்கோளும் முற்றாக நிறைவேறவில்லை.

அப்படை சபரகமுவ மலைகளுக்கு வரவில்லையே, எமக்கென்ன எனலாம். அதன் நிழல் இங்கும் விழுந்தது. தென்னிலங்கையில் மக்கள் விடுதலை முன்னணி மீண்டும் படைதிரட்டியது இந்தியப் படையின் வருகையைக் காட்டியே. பம்பாய் வெங்காயத்தையும் மைசூர்ப் பருப்பையும் விற்கலாகாதெனத் தடை விதிக்குமளவிற்குப் பகை மூண்டது. தோட்டத் தொழிலாளரை இந்திய விஸ்தரிப்பின் கருவியென அவ்வியக்கம் முன்னரே போதித்திருந்தது. படையை அழையாதவரும், அதனாற் காக்கப்படாதவருமாகிய மக்கள் மீது அதன் பழிமட்டும் சுமந்தது.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததையும், பலர் வவுனியாவுக்கு ஓடியதையும் நாம் மறக்கலாமா? 1983 இலும் துன்பம் தொடர்ந்தது. இவையெல்லாம் டில்லியின் காதுக்கு எட்டியவையே. எனினும் ஒப்பந்தம் தமிழ் பேசும் மக்களின் வரலாற்று வாழிடமெனக் கண்டது வடக்கையும் கிழக்கையுமே. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் எம்மவரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டபொழுதும் எம்மைக் கேட்டாரில்லை. அரசுகளின் தேசிய நலன் வேறு, அந்நலனின் பேராற் பேசப்படும் மக்களின் நலன் வேறு என்பதை எம்மினும் நன்கறிந்தார் யார்?

அயலார் துன்பத்தைக் கண்டும் வாளாவிருத்தலே நன்றென்பது எமது கருத்தன்று. 1987 இன் ஒப்பந்தத்தால் மாகாண சபைகள் பிறந்தன. சபரகமுவவுக்கும் ஒன்று கிடைத்தது. ஆயின் அது பேச்சினால் விளைந்த பயனேயன்றிப் பீரங்கியால் விளைந்ததன்று.

வள்ளுவர் படைமாட்சி பாடுமுன் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை வைத்தார். படை அனுப்புவோர் மூன்று வினாக்களுக்கு விடை கூறல் வேண்டும். குறிக்கோள் யாது? அதனை ஆயுதத்தால் அடையலாகுமா? படை மீண்ட பின் அங்கே எஞ்சி வாழ்வாரைக் காப்பார் யார்? மூன்றாவது வினாவை எவரும் கேளாது விடின், அதனைக் கேட்கும் கடமை கற்றறிந்த எம் பழைய மாணவர்க்கு உண்டு.